ஏணியோட வா: தனியாகப் பிள்ளை வளர்ப்பவர்களுக்கு ஒரு கிறிஸ்மஸ் விடுமுறை வழிகாட்டி

கன்னியாகுமரி மாவட்டம் கருங்கல் ஊர்ப் பக்கம் சின்னதாக ஒரு தையல் கடை வைத்திருக்கிறேன். மகள் எட்டாம் வகுப்பு, மகன் நாலாம் வகுப்பு. நாலு வருஷமாக வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான். மற்ற மாதங்களெல்லாம் எப்படியோ ஓடிவிடும். டிசம்பர்தான் ஒவ்வொரு தடவையும் என்னை உட்கார வைத்துவிடும்.

நம்ம மாவட்டத்தில் கிறிஸ்மஸ் வீட்டுக்குள் நடக்கிற பண்டிகை இல்லை. நவம்பர் கடைசியில் கோட்டாறு சவேரியார் கோயிலில் கொடி ஏறியதுமே தொடங்கிவிடும். டிசம்பர் 3-ஆம் தேதி சவேரியார் திருநாளுக்கு மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை. அதற்குப் பிறகு தெருவுக்குத் தெரு ஸ்டார், குடில், ராத்திரி வீடு வீடாகக் கேரல் பாட்டு, வீட்டுக்கு வீடு பலகாரம். எல்லாமே குடும்பத்தோடு, ஊரோடு. ஆள் குறைந்த வீடு எது என்று அந்த மாதத்தில் ஊருக்கே தெரிந்துவிடும். நம் பிள்ளைக்கும் தெரியும்.

தையல்காரிக்கு அதுதான் சீசனும்கூட. வருஷம் முழுக்க வராத துணி அந்த இருபது நாளில் வந்து குவியும். முதல் வருஷம் வந்ததை எல்லாம் வாங்கிப் போட்டேன். 24-ஆம் தேதி ராத்திரி பதினொரு மணிக்குக் கடைசிச் சுடிதாரைக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால், என் மகனுடைய சட்டைத்துணி வெட்டாமலே பையில் கிடந்தது. பூசைக்குப் பழைய சட்டையில்தான் வந்தான். அவன் ஒன்றும் சொல்லவில்லை. இன்றைக்கும் அந்தப் பழைய சட்டையை நான் தூக்கிப் போடவில்லை. ஒவ்வொரு டிசம்பரும் அதை வெளியே எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் ஆர்டர் வாங்க ஆரம்பிக்கிறேன்.

அந்த வருஷத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கற்றுக்கொண்டவற்றை இங்கே எழுதுகிறேன். கணவன் இறந்து தனியானவர்கள், பிரிந்தவர்கள், கைவிடப்பட்டவர்கள், மனைவியை இழந்து பிள்ளை வளர்க்கிற அண்ணன்மார் எல்லாருக்குமாகத்தான். உங்கள் பண்டிகை தீபாவளியோ ஓணமோ பெருநாளோ ஆக இருக்கலாம். நாள்தான் மாறும், வேலை இதேதான்.

முதலில் காலண்டர்

கிறிஸ்மஸுக்கு ஆயத்தமாகிற திருவருகைக் காலத்து முதல் ஞாயிறு, நவம்பர் கடைசியில் அல்லது டிசம்பர் தொடக்கத்தில் வரும். அன்றைக்குப் பூசை முடிந்து வந்ததும் சுவரில் தொங்குகிற மாதக் காலண்டரைக் கழற்றிப் பாயில் போட்டு மூன்று பேரும் சுற்றி உட்காருவோம். கறுப்புப் பேனா எனக்கு, சிவப்பு மகளுக்கு, பச்சை மகனுக்கு. பரீட்சை என்றைக்கு முடிகிறது, குடில் என்றைக்குக் கட்டுவோம், அப்பா என்றைக்கு வந்து கூட்டிப் போவார், என்றைக்குத் திரும்ப வருவீர்கள், அம்மா எந்த ராத்திரிகளில் பன்னிரண்டு மணி வரை தைப்பாள் என்று எல்லாமே அதில் ஏறும்.

பெரியவர்கள் செய்கிற தவறு, பிள்ளை வருத்தப்படும் என்று கடைசி நாள் வரை சொல்லாமல் வைத்திருப்பது. நானும் அதைச் செய்தேன். 'பாப்போம் மக்கா, பாப்போம்' என்று இருபது நாள் இழுத்தேன். அந்த இருபது நாளும் மகள் ராத்திரி பல்லைக் கடித்துக்கொண்டு தூங்கினாள். தேதியைச் சொன்ன வருஷம் ஒரு நாள் அழுதாள், மறுநாள் என்ன உடுப்பு எடுத்துப் போவது என்று கேட்டாள்.

காலண்டரில் முதலில் ஏற வேண்டியது நீங்கள் எந்தத் தேதிக்கு மேல் வேலை வாங்கமாட்டீர்கள் என்பது. என் கடையில் டிசம்பர் 12-க்குப் பிறகு வரும் துணி ஜனவரிக்குத்தான். அட்டையில் எழுதி மிஷினுக்கு மேலே தொங்கவிட்டிருக்கிறேன். முதல் தடவை எழுதியபோது கை நடுங்கியது. இரண்டு பேர் கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போனார்கள், பொங்கலுக்குத் திரும்பி வந்தார்கள். பிள்ளைகளின் உடுப்பை நான் தைப்பது டிசம்பர் 5-க்குள். கடையில் கூலிக்கு வேலை பார்ப்பவர் என்றால் நாளை இப்படித் தீர்மானிக்க முடியாதுதான். ஆனால் லீவு கேட்க வேண்டியிருந்தால் நவம்பரிலேயே கேட்டுவிடுங்கள். 23-ஆம் தேதி கேட்டால் எல்லாரும்தான் கேட்பார்கள்.

பிள்ளை கையில் ஒரு பதில்

இதைத்தான் நான் நிறையச் சொல்ல வேண்டும்.

இரண்டாவது வருஷம். மகனுக்கு ஏழு வயது. பக்கத்து வீட்டு வாசலில் கேரலுக்குப் போக ஐந்தாறு பையன்கள் டிரம் கட்டிக்கொண்டு நின்றார்கள். நான் ஜன்னலுக்கு உள்ளே ஒரு ஜாக்கெட் துணியை வெட்டிக்கொண்டிருந்தேன். ஒருத்தன் கேட்டான், 'லே, ஒங்க அப்பா கிறிஸ்மஸுக்கு வரமாட்டாவளா?' என் மகன் கொஞ்சமும் யோசிக்காமல் சொன்னான், 'எங்க அப்பா சவுதில. லீவு கெடைக்கல்ல. வரும்போ ரிமோட் கார் கொண்டு வருவாங்க.'

அவன் அப்பா இருப்பது பத்து கிலோமீட்டர் தள்ளி.

கத்தரிக்கோல் துணியின் பாதியில் அப்படியே நின்றுவிட்டது. நம்ம ஊரில் அப்பா வெளிநாட்டில் இருப்பது சாதாரணம். பத்து வீட்டில் மூன்று வீட்டுக்காரர் வளைகுடாவில்தான். அதனால் அந்தப் பொய் அவனுக்குக் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது. ராத்திரி படுக்கும்போது கேட்டேன், 'ஏன் மக்கா அப்படிச் சொன்ன?' அவன் திருப்பிக் கேட்டான், 'பின்ன என்னம்மா சொல்லணும்?'

என்னிடம் பதில் இல்லை. ஒரு வருஷமாக அவனை வெறுங்கையோடு தெருவுக்கு அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அன்றைக்கு ராத்திரியே உட்கார்ந்து பதில் தயார் செய்தோம். அவனுக்கு: 'அப்பா வேற வீட்ல இருக்காங்க. ஞாயிற்றுக்கிழமை பாப்பேன்.' அவ்வளவுதான், அதற்கு மேல் ஒரு சொல் வேண்டாம். சொன்னதும் 'வா, அடிப்போம்' என்று டிரம்மை எடுக்க வேண்டும். மகளிடம் கேட்பது பையன்கள் இல்லை, பெரியவர்கள். அவளுக்கு: 'அம்மாகிட்ட கேளுங்க மாமி.' எனக்கும் ஒன்று தேவைப்பட்டது. கிறிஸ்மஸ் அன்று மதியம் அம்மா வீட்டில் இலை போட்டு உட்கார்ந்ததும் ஒரு சித்தி தவறாமல் ஆரம்பிப்பார், 'அவன் வந்தானா? துட்டு ஏதும் தந்தானா?' பிள்ளைகள் சோற்றில் கை வைத்தபடி என் முகத்தைப் பார்க்கும். இப்போது நான் சொல்வது: 'சித்தி, பிள்ளைய இருக்கும்போ இது வேண்டாம். சாப்பிட்டுட்டு நான் வந்து சொல்லுதேன்.' குரலை உயர்த்துவதில்லை. சொன்னபடியே சாப்பிட்டு முடித்ததும் கிணற்றடியில் போய் இரண்டு வரி சொல்லிவிடுவேன். அப்படிச் சொல்வதால் அடுத்த வருஷம் கேள்வி குறைந்தது.

இந்தப் பதில்களை இரண்டு மூன்று தடவை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்க வைக்க வேண்டும். மனசுக்குள் வைத்திருந்தால் நேரத்துக்கு வராது. நான் பக்கத்து வீட்டு மாமி மாதிரிக் கேட்பேன், அவர்கள் பதில் சொல்வார்கள். மகன் முதலில் வெட்கப்பட்டான், பிறகு அவனே 'இன்னொரு தடவ கேளுங்க' என்றான்.

அப்பா இறந்துபோன பிள்ளைகளுக்கு வேறு மாதிரி. என்கூடத் தைக்கிற அக்காவுக்குக் கட்டிக்கொடுத்தது தூத்தூர் பக்கத்துக் கடற்கரை ஊர். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் அடித்தபோது அவர் வீட்டுக்காரர் ஆழ்கடலில் இருந்தார். திரும்பி வரவில்லை. உடலும் கிடைக்கவில்லை. அந்தக் கிறிஸ்மஸுக்கு அக்கா வீட்டில் ஸ்டார் கட்டவில்லை, அடுத்த வருஷமும் கட்டவில்லை. மூன்றாவது வருஷம் சின்ன மகள், 'நாம எப்பவுமே கட்டமாட்டோமா?' என்று கேட்டிருக்கிறாள். அதிலிருந்து அக்கா ஒரு வழக்கம் வைத்தார். நவம்பர் 30 அன்றைக்கு வேலைக்கு வரமாட்டார். கோயிலில் பூசைக்குக் கொடுத்துவிட்டு, பிள்ளைகளோடு கடற்கரையில் போய் உட்கார்ந்து அவர் பேச்சே பேசுவார்கள், அழுவார்கள். டிசம்பர் 1 காலையில் ஸ்டார் கட்டுவார்கள். அழ ஒரு நாள் தனியாக இருப்பதால் 24-ஆம் தேதி ராத்திரி பிள்ளைகள் பயந்து பயந்து சிரிக்க வேண்டியதில்லை என்று அக்கா சொல்வார். உங்களுக்கு அந்த நாள் எது என்று நீங்கள்தான் பார்த்து வைக்க வேண்டும். ஆனால் ஒரு நாள் வையுங்கள்.

உதவி கேட்கிற விதம்

'என்ன வேணும்னாலும் கேளு பிள்ளே' என்று எல்லாரும் சொல்வார்கள். மனசோடுதான் சொல்கிறார்கள். ஆனால் 'என்ன வேணும்னாலும்' என்பதை எப்படிக் கேட்பது? என் அண்ணனிடம் முதல் வருஷம், 'கிறிஸ்மஸுக்கு வாங்கண்ணா' என்றேன். 25-ஆம் தேதி மதியம் கேக்கோடு வந்தார். எனக்குத் தேவைப்பட்டதோ டிசம்பர் முதல் வாரத்தில், ஸ்டாரை முற்றத்துப் பலாமரத்தில் ஏறிக் கட்ட ஒரு ஆள்.

இப்போது இப்படிக் கேட்கிறேன்: 'அண்ணா, ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு ஏணியோட வாங்க. அரை மணிக்கூறு வேலை.' உடனே வருவார். அண்ணன் மனைவி மைனியிடம், '23-ஆம் தேதி பத்து மணியிலிருந்து ரெண்டு மணி வரை ரெண்டு பேரையும் உங்க வீட்ல வச்சுக்கிடணும்.' ஒரு ஆள், ஒரு வேலை, ஒரு நேரம். வாங்கின உதவிக்கு நான் திருப்பிச் செய்வது மைனியின் இரண்டு ஜாக்கெட். அதையும் முன்னமே சொல்லிவிடுவேன். கடமைப்பட்டுவிட்டோம் என்கிற குறுகல் இல்லாமல் கேட்க அது உதவுகிறது.

கேரல் விஷயத்திலும் இதுதான். பையன்கள் ராத்திரி ஒரு மணிக்கு டிரம் அடித்துக்கொண்டு வந்து நிற்பார்கள். பெண் ஆள் மட்டும் இருக்கிற வீட்டில் அந்த நேரத்துக்குக் கதவைத் திறப்பது எனக்குச் சங்கடமாக இருந்தது. எங்கள் தெருக் கோயில் குழுவான அன்பியத்தின் தலைவியிடம் போய், 'எங்க தெருவுக்கு வரும்போ எங்க வீட்ட முதல்ல முடிச்சிடச் சொல்லுங்க' என்றேன். ஒன்பது மணிக்கே வந்துவிடுகிறார்கள். மகன் முழித்திருந்து கிறிஸ்மஸ் தாத்தாவின் கையைப் பிடித்து ஆடுகிறான்.

நள்ளிரவுப் பூசை பற்றி ஒரு சொல். வண்டி இல்லாமல், தூங்கிவிழுகிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, ராத்திரி இரண்டு மணிக்கு நடந்து வர வேண்டியதில்லை. 25-ஆம் தேதி காலைப் பூசையும் கிறிஸ்மஸ் பூசைதான். மூன்று வருஷமாக நாங்கள் காலைப் பூசைக்குத்தான் போகிறோம். ராத்திரி நன்றாகத் தூங்கி எழுந்து போவோம், ஆப்பமும் கோழிக்கறியும் பூசைக்குப் பிறகு வந்துதான் தின்கிறோம். அந்தப் பசியும் நன்றாகத்தான் இருக்கிறது.

ஒரு கிலோ பயறு போதும்

என் அம்மா காலத்தில் முந்திரிக்கொத்து என்றால் ஐந்து கிலோ பயறு, எட்டுப் பெண்கள், ஒரு பகல் முழுக்க. ஒற்றை ஆளாக அதைச் செய்யப் பார்த்துத்தான் முதல் வருஷம் இடுப்பு ஒடிந்தது. கடையில் வாங்கிவிடலாம் என்று பலர் சொன்னார்கள். வாங்கினால் தவறில்லை, நான்தான் வாங்க மனசில்லாமல் அளவைக் குறைத்தேன். வீடு மணக்க வேண்டும், பிள்ளைகளுக்கு ஒரு வேலை வேண்டும். அதற்கு ஒரு கிலோ போதும்.

பரீட்சைக்கு முந்தின சனிக்கிழமையாகப் பார்த்துச் செய்வோம். ஒரு கிலோ சிறுபயறை வாசம் வரும் வரை சிறுதீயில் வறுத்து, ஆறவிட்டு, மில்லில் கொரகொரப்பாகத் திரித்துக்கொள்ள வேண்டும். ஒரு தேங்காயைத் துருவி ஈரம் போகச் சிவக்க வறுத்து வைக்க வேண்டும். எள் ஒரு கைப்பிடி, ஏலக்காய், சுக்கு. முக்கால் கிலோ கருப்பட்டியை உருக்கி, மண் வடிகட்டி, பாகு கம்பிப் பதம் வந்ததும் எல்லாவற்றையும் கொட்டிக் கிளறி இறக்கிவிட வேண்டும். இதுவரை பெரியவர் வேலை.

இனிமேல்தான் பிள்ளைகள். சூடு கை பொறுக்கிற அளவுக்கு வந்ததும் உருட்டத் தொடங்க வேண்டும். ஆறவிட்டால் உதிர்ந்துவிடும், அதனால் மூன்று பேரும் பேச்சு இல்லாமல் வேகவேகமாக உருட்டுவோம். நெல்லிக்காயைவிடச் சின்னதாக இருக்க வேண்டும். போன வருஷம் மகன் எலுமிச்சை அளவுக்கு உருட்டி அடுக்கினான். திருத்தலாமா என்று கை போனது, பிறகு விட்டுவிட்டேன். பச்சரிசி மாவைக் கொஞ்சம் மஞ்சள்பொடியும் உப்பும் போட்டுத் தோசை மாவைவிடச் சற்று இளக்கமாகக் கரைத்து, மூன்று மூன்றாக முக்கிச் சேர்த்தே எண்ணெயில் விட வேண்டும். மூன்றும் ஒட்டி ஒரு கொத்தாக வர வேண்டும், அதில்தான் கைத்திறன். எண்ணெய்ச் சட்டி பக்கம் நான் மட்டும். மகள் மாவில் முக்கித் தருவாள். மகன் எண்ணிக்கை. அவன் உருட்டின பெரிய கொத்துகளும் பிரியாமல் வந்தன. அதைத் தனி டப்பாவில் போட்டு, பேர் எழுதி வைத்துக்கொண்டான்.

காற்றுப் புகாமல் மூடினால் இரண்டு வாரம் தாங்கும். தீபாவளிக்குப் பலகாரம் தந்த பக்கத்து வீட்டு மாமிக்கும், பெருநாளுக்குப் பிரியாணி கொடுத்துவிட்ட வீட்டுக்கும் பிள்ளைகள் கையில்தான் கொடுத்தனுப்புவேன். வாங்கித் தின்கிற வீடாக மட்டும் நம் வீடு இல்லை என்பது அந்தத் தட்டைத் தூக்கிப் போகும்போது பிள்ளை நடையில் தெரியும்.

குடிலுக்குச் செலவே இல்லை. டிசம்பர் 12 வாக்கில் ஒரு பழைய தட்டில் மண் பரப்பிக் கேழ்வரகை விதைத்து, தினமும் நீர் தெளித்தால் 24-ஆம் தேதிக்குள் பச்சைப்புல் நிற்கும். தண்ணீர் தெளிப்பது மகன் பொறுப்பு. பரீட்சை நாட்களிலும் மறந்ததில்லை.

துட்டு

போன வருஷம் எங்களுக்கு ஆன செலவை அப்படியே தருகிறேன்: துணிக்கு 1,900, பலகாரத்துக்கு 850, கறி மீனுக்கு 1,100, கேரலுக்கும் கோயிலுக்கும் 500, ஸ்டார் குடில் 250, வெளியே போனதற்கு 400. மொத்தம் 5,000 ரூபாய். ஜனவரியிலிருந்து நவம்பர் வரை மாதம் 300 ரூபாய் அஞ்சலகச் சேமிப்புக் கணக்கில் போட்டது 3,300. மீதி டிசம்பர் தையல் கூலியில். தொகையைப் பிள்ளைகளிடம் மறைக்க வேண்டாம். மகளுக்கு இந்தக் கணக்கு முழுக்கத் தெரியும். 700 ரூபாய் சுடிதாரைப் பார்த்துவிட்டு அவளே 550-க்கு இறங்கி வந்தாள், நான் ஒன்றும் சொல்லவில்லை.

கிறிஸ்மஸ் சீட்டு என்று வீடு வீடாகப் பிடிக்கிறவர்களிடம் கட்டாதீர்கள். நான் கட்டி இழந்தவள். நவம்பரில் ஒரு காலையில் சீட்டு பிடித்தவர் வீடு பூட்டிக் கிடந்தது, என் கையில் இருந்தது ஒரு சின்ன நோட்டு மட்டும்தான். மகளிர் குழுவிலோ அஞ்சலகத்திலோ போடுங்கள்.

இன்னொரு செலவு கணக்கிலேயே வராமல் வந்து நிற்கும். பள்ளி திறந்திருக்கும்போது மகனுக்குக் காலைச் சாப்பாடும் இரண்டு பேருக்கும் மதியச் சத்துணவும் அங்கேயே ஆகிவிடும். அரையாண்டு விடுமுறை ஏறக்குறைய பத்து நாள், அந்தப் பத்து நாளும் அது நிற்கும். இரண்டு பிள்ளைக்குப் பத்து நாள் மதியச் சோறு என்பது அரிசி மட்டுமல்ல, நான் கடைக்குப் போகுமுன் சமைத்து வைக்க வேண்டிய நேரமும்கூட. அதனால் விடுமுறைக்கு முன்பே நெத்திலிக் கருவாடு, பயறு, தேங்காய் எல்லாம் வாங்கி வைத்துவிடுவேன். மரச்சீனிக் கிழங்கு மலிவு, வயிறும் நிறையும். ஆனால் அதைப் பிள்ளைகள் தனியாக வேகவைக்கக் கூடாது. திறந்து வைத்து நன்றாக வேகவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்ட வேண்டும், சரியாக வேகாத கிழங்கும் அந்தத் தண்ணீரும் உடம்புக்கு ஆகாது. காலையில் நானே அவித்து மூடி வைத்துவிட்டுப் போவேன். இடைப்பசிக்கு ஒரு குலை மட்டிப்பழம் தொங்கும்.

அப்பா வீட்டுக்குப் போகும் நாட்கள்

என் வழக்கில் வந்த உத்தரவில் 'விடுமுறையில் பாதி நாள் தகப்பனிடம்' என்று மட்டும் இருந்தது. எந்தப் பாதி? முதல் வருஷம் 24-ஆம் தேதி சாயங்காலம் ஆறு மணிக்கு ஆட்டோவோடு வந்து நின்றார். மகள் அன்று ராத்திரி கோயிலில் பாட வேண்டியவள். வாசலிலேயே வாக்குவாதம். மகள் பாடவும் இல்லை, போகவும் இல்லை. கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டாள்.

நீங்கள் இன்னும் வழக்கில் இருப்பவர் என்றால் வக்கீலிடம் இப்போதே சொல்லுங்கள்: தேதி, மணி, இடம் மூன்றும் எழுத்தில் வேண்டும். கிறிஸ்மஸ், ஓணம், தீபாவளி, கோடை விடுமுறை ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக. வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லை என்று விட்டுவிட வேண்டாம். 1987-ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவசச் சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் கேட்கலாம், மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு நேரிலும் போகலாம்.

எங்களுடையது இப்போது இப்படி: 25-ஆம் தேதி மதியம் மூன்று மணிக்குக் கருங்கல் பஸ் ஸ்டாண்டில் ஒப்படைப்பு, 28-ஆம் தேதி சாயங்காலம் ஐந்து மணிக்கு அதே இடத்தில் திரும்ப. வீட்டு வாசல் வேண்டாம் என்று நாங்கள் இருவருமே ஒத்துக்கொண்ட ஒரே விஷயம் அதுதான். பொது இடத்தில் இரண்டு பேருமே குரலை அடக்கிப் பேசுவோம்.

பையில் என்ன வைப்பது என்பதும் முக்கியம். மாற்று உடுப்பு, மருந்து, அவர்கள் கையால் செய்த முந்திரிக்கொத்து ஒரு டப்பா. அந்த வீட்டு ஆட்களுக்கும் சேர்த்துத்தான். முதலில் எனக்கு மனசு வரவில்லை. மகன்தான் எடுத்து வைத்தான். அவன் உருட்டியதை அவன் அப்பா தின்ன வேண்டும் என்று அவனுக்கு ஆசை. அந்த ஆசைக்குக் குறுக்கே நிற்க எனக்கு உரிமையில்லை.

அங்கிருந்து விலை கூடின பரிசோடு வருவார்கள். ஒரு வருஷம் சைக்கிள் வந்தது. நான் தைத்த சட்டை சைக்கிளுக்கு முன் என்னாகும் என்று கலங்கினேன். போட்டி போட வேண்டாம், கடன் வாங்கிப் போட்டி போடவே வேண்டாம். 'நல்லாருக்கு மக்கா, ஓட்டிக் காட்டு' என்று சொல்லிவிட்டு முற்றத்தில் நின்று பாருங்கள். அந்த வீட்டில் என்ன நடந்தது, யார் இருந்தார்கள் என்று கேட்கவும் வேண்டாம். அவர்களே சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள்.

பஸ் ஸ்டாண்டிலிருந்து தனியாகத் திரும்பி வருகிற அந்த அரை மணி நேரத்துக்கு உங்களுக்கென்று ஒரு ஏற்பாடு கட்டாயம் வேண்டும். முதல் தடவை வந்து கதவைத் திறந்து, விளக்குகூடப் போடாமல் மிஷின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். வாசலில் ஸ்டார் மட்டும் எரிந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. இப்போது பஸ் ஸ்டாண்டிலிருந்து நேராக அந்த அக்கா வீட்டுக்கு வண்டி ஏறிவிடுவேன். 26-ஆம் தேதி கடற்கரை ஊர்களில் பண்டிகை கிடையாது. 2004-இல் அதே நாள் காலையில்தான் சுனாமி வந்தது. குளச்சல், கொட்டில்பாடு, கீழ மணக்குடி என்று ஒவ்வொரு ஊரிலும் கல்லறைகளில் மெழுகுவத்தி ஏற்றிச் செபம் சொல்வார்கள். அக்காவோடு நானும் போய் நிற்பேன். யாரும் யாரிடமும் எதுவும் கேட்பதில்லை. திரும்பி வந்து மீன்குழம்பு வைத்துத் தின்றுவிட்டு மதியம் வரை தூங்குவோம். வருஷத்தில் நான் பகலில் தூங்குகிற ஒரே நாள்.

தூக்கமே வரவில்லை, எதற்கு இருக்கிறோம் என்று நினைப்பு ஓடுகிறது என்றால் 14416-க்குக் கூப்பிடுங்கள். அரசு மனநல உதவி எண், எந்த நேரமும் பேசலாம், தமிழில் பேசலாம். நான் பேசியிருக்கிறேன்.

மிச்ச நாட்கள்

28-க்குப் பிறகு பள்ளி திறக்கும் வரை சில நாள் கையில் இருக்கும். ஒரே ஒரு நாள் மட்டும் வெளியே. கன்னியாகுமரிக்கு அந்த வாரம் போகாதீர்கள். 2024 டிசம்பர் கடைசியில் கண்ணாடிப் பாலம் திறந்ததிலிருந்து விவேகானந்தர் பாறைக்குப் படகு ஏற வரிசை இன்னும் நீளம், இரண்டு பிள்ளையை வைத்துக்கொண்டு ஒற்றை ஆளாய் வெயிலில் நிற்க முடியாது. நாங்கள் மாத்தூர் தொட்டிப்பாலம் போனோம். சாதாரண டவுன் பஸ்ஸில் எனக்கும் மகளுக்கும் கட்டணம் இல்லை, மகனுக்கு அரை டிக்கெட். பறளியாற்றுக்கு மேலே ஒரு மலையிலிருந்து இன்னொரு மலைக்குத் தண்ணீரைக் கொண்டுபோகக் காமராஜர் காலத்தில் திட்டமிட்டு 1966-இல் கட்டி முடித்தது. கீழே இறங்கித் தூண்களை மகன் எண்ணினான், 28. கட்டுச்சோறு கொண்டுபோனதால் செலவு டிக்கெட்டும் சர்பத்தும்தான். பத்மநாபபுரம் அரண்மனை என்றால் திங்கட்கிழமை பூட்டியிருக்கும், பார்த்துப் போங்கள்.

இன்னொரு நாளை நாகர்கோவில் கலெக்டர் ஆபீஸுக்கு ஒதுக்குங்கள். மிஷன் வாத்சல்யா திட்டத்தில், கணவனை இழந்த, விவாகரத்தான, கைவிடப்பட்ட தாய்மாரின் பிள்ளைகளுக்கு 18 வயது வரை மாதம் 4,000 ரூபாய் உதவித்தொகை உண்டு. கிராமத்தில் குடும்ப வருமானம் ஆண்டுக்கு 72,000-க்குள் இருக்க வேண்டும். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் மனு கொடுக்க வேண்டும். அங்கே போய் நின்றபின்தான் பள்ளிப் படிப்புச் சான்று கேட்டார்கள், பள்ளியோ பூட்டியிருந்தது. நீங்கள் பரீட்சை முடியுமுன்னே தலைமையாசிரியரிடம் வாங்கி வைத்துவிடுங்கள்.

பள்ளி திறப்பதற்கு முந்தின நாள் குடிலைக் கலைத்து, ஸ்டாரைக் கழற்றி, அட்டைப்பெட்டியில் வைப்போம். பழைய காலண்டரையும் அதே பெட்டியில்தான் போடுவேன். போடுமுன் டிசம்பர் தாளின் பின்பக்கத்தில் ஆளுக்கு ஒன்று எழுத வேண்டும், அடுத்த வருஷம் என்ன மாற்ற வேண்டும் என்று. நான் எழுதியது: ஆர்டர் 10-ஆம் தேதியோடு நிறுத்த வேண்டும். மகள்: அச்சுமுறுக்கு நான் சுடுகிறேன். மகன் பச்சைப் பேனாவில் எழுதியிருந்தான்: ஸ்டாரை ரெண்டு கொம்பு மேலே கட்டணும், மாமாவைப் பெரிய ஏணியோட வரச் சொல்லணும்.